கல்லில் திறந்த கண்: வட்ட ஜன்னல்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கிரேக்க ரோமானிய மரபுக் கட்டடங்களில் வரும் வட்டத் திறப்புகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக் கேள்விகள் வரலாறு. மீதி கொத்து வேலையும் மரவேலையும். வேலை பற்றிய கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஆக்குலஸ், எருதுக்கண், ரோஜா ஜன்னல் மூன்றும் ஒன்றுதானா? தமிழில் இதற்குச் சொல் உண்டா?

மூன்றும் ஒன்றல்ல. ஆக்குலஸ் என்றால் லத்தீனில் கண். குவிமாடத்தின் உச்சியில் திறந்துவிட்ட வட்டத்துக்கும் அந்தப் பெயர்தான், சுவரில் குடைந்த எளிய வட்டத்துக்கும் அதே பெயர்தான். சுவரிலோ கூரைச் சரிவிலோ வைக்கும் சிறிய வட்ட ஜன்னலையும் நீள்வட்ட ஜன்னலையும் பிரெஞ்சுக்காரர்கள் ‘எய்-து-பெஃப்’ என்றார்கள். எருதின் கண் என்று பொருள். வெர்சாய் அரண்மனையில் 1701-ல் அமைந்த ஒரு முன்கூடத்துக்கு, அதில் உள்ள நீள்வட்ட ஜன்னலால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரோஜா ஜன்னல் வேறு குடும்பம். அது இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணித் தேவாலயங்களுக்கு உரியது. அங்கே வட்டத்துக்குள் கல்சட்டங்கள் இதழ் இதழாக விரியும், நடுவில் வண்ணக் கண்ணாடி நிறையும். ரோமானிய மரபில் வட்டத்தின் உள்ளே வெறுமை, வேலைப்பாடெல்லாம் விளிம்பில். கோதிக்கில் நேர்மாறு.

தமிழ்ச் சொல் கேட்டது மகிழ்ச்சி. சிலப்பதிகாரம் புகார் மாளிகைகளின் ஜன்னலை ‘மான்கண் காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற துளைகள் உடைய காற்றுவழி. வடமொழியில் ஜன்னலுக்குள்ள ‘கவாட்சம்’ பசுவின் கண்ணைக் குறிக்கும். மான், பசு, எருது என்று விலங்கு மாறினாலும் திறப்பைக் கண்ணாகப் பார்த்தது மாறவில்லை. (நாம் சொல்லும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது.) இந்தப் பகுதியில் குவிமாட உச்சித் திறப்பை ‘மாடக்கண்’ என்றும், சுவரில் இருப்பதை ‘வட்ட ஜன்னல்’ என்றும் எழுதுகிறோம்.

கேள்வி: ரோம் நகரத்துப் பழைய கோயிலான பாந்தியனின் குவிமாடத்தின் உச்சியில் பெரிய ஓட்டை இருக்கிறது. வளைவுக்கு உச்சிச் சாவிக்கல்தான் உயிர் என்கிறார்கள். அதுவே இல்லாமல் அந்த மாடம் எப்படி நிற்கிறது?

வளைவு வேறு, குவிமாடம் வேறு. வளைவில் சாவிக்கல்லை எடுத்தால் இரண்டு கைகளும் விழும், ஏனென்றால் இடதும் வலதும் அந்த ஒரு கல்லின் வழியாகத்தான் ஒன்றையொன்று தாங்குகின்றன. குவிமாடத்தில் ஒரே மட்டத்தில் உள்ள கற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். உள்நோக்கி விழப் பார்க்கும் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கற்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. வளையம் ஒன்று முழுசாக மூடிவிட்டால் அது தானே நிற்கும். அதற்கு மேல் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. எந்த வளையத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நிறுத்திய இடம்தான் மாடக்கண்.

சீரான தடிமன் உள்ள அரைக்கோள மாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை உள்ள வளையங்கள் இறுகிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை விரியப் பார்க்கும். கல்லும் காங்கிரீட்டும் இறுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே ஓட்டை போடுவதற்கு மாடத்திலேயே பாதுகாப்பான இடம் உச்சிதான். பலவீனம் கண்ணில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. பாந்தியன் மாடத்தின் உட்புறம் கீழ்ப்பகுதியில் தீர்க்கரேகைகள் போல மேல்நோக்கி ஏறும் விரிசல்கள் இருப்பது இதனால்தான். அதைக் கட்டியவர்கள் இந்த விரிப்பை எதிர்பார்த்தது போலவே வேலை செய்திருக்கிறார்கள். அடியில் 6 மீட்டருக்கும் மேல் இருக்கும் தடிமன் கண்ணருகே சுமார் 1.2 மீட்டராகக் குறைகிறது. மேலே போகப் போகக் காங்கிரீட்டில் கலந்த கல்லும் இலேசாகிறது. உச்சியில் டூஃபா என்ற இலேசான எரிமலைக் கல்லும் எரிமலை நுரைக்கல்லும். உட்புறத்தில் வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசைக் குழிப்பெட்டிகள், அதாவது உள்ளே குடைந்த சதுரக் குழிகள்.

கண்ணின் விட்டத்தை 8.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 1.2 மீட்டர் தடிமனில் அடைத்திருக்க 63 கன மீட்டர் காங்கிரீட் தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு எடையும் மிச்சம், வெளிச்சமும் கிடைத்தது.

கண்ணின் விளிம்புதான் எல்லாப் பக்கத்து அழுத்தமும் வந்து சேரும் இடம். பாந்தியனில் அங்கே ஓட்டுச் செங்கற்களை நிமிர்த்தி நிறுத்தி வளையங்களாகக் கட்டியிருக்கிறார்கள். விளிம்பில் பழைய வெண்கல உறையும் இன்னும் இருக்கிறது. சிறிய மாடம் கட்டுகிறவர்களும் இந்த வளையத்தை மதிக்க வேண்டும். மின்கம்பிக் குழாயோ வடிகாலோ விட வேண்டும் என்று விளிம்பை ஒரு பக்கம் கொத்தி எடுத்தால், வளையம் அந்த இடத்தில் அறுந்த சங்கிலி. குழாய் வளையத்துக்கு மேலாகவோ கீழாகவோ போகட்டும். அதன் ஊடே போகக் கூடாது.

கேள்வி: சூடான காற்று மேலே எழுவதால் பாந்தியனுக்குள் மழையே விழாது என்று படித்தேன். உண்மையா?

உண்மையல்ல, நன்றாக விழும். 8.2 மீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 53 சதுர மீட்டர், 10 மி.மீ. மழை பெய்தால் அதன் வழியே 500 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். இதற்காகவே பளிங்குத் தரையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இட்டு, 22 சிறு துளைகள் வழியே நீரை வடியவிட்டிருக்கிறார்கள். தூறலில் துளிகள் பரவி விழுவதால், நீர் நம் பார்வைக்குத் தெரியாமல் போவதுண்டு. அந்தக் கதைக்கு அது காரணமாக இருக்கலாம்.

மழையே வேண்டாம் என்றவர்கள் கண்ணின் மேல் விளக்குக்கூண்டு ஏற்றினார்கள். பக்கங்களில் ஜன்னல், மேலே கூரை உள்ள சிறு கோபுரம் அது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் பேராலய மாடத்தில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்தது அப்படிப்பட்டது. அதன் எடையும் வீண் சுமையல்ல. மாடத்தின் விலாக்கள் வந்து சேரும் உச்சி வளையத்தை அது அழுத்திப் பிடிக்கிறது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அதன் கட்டடக் கலைஞர் ரென் இன்னும் ஒரு படி போனார். உள்ளே தெரியும் மாடத்தில் கண்ணைத் திறந்துவிட்டு, விளக்குக்கூண்டின் எடையை அதன் மேல் ஏற்றாமல், உள்மாடத்துக்கும் வெளிமாடத்துக்கும் இடையே மறைவாக ஒரு செங்கல் கூம்பு கட்டி அதன் தலையில் ஏற்றினார்.

கேள்வி: ஏப்ரல் 21 அன்று பாந்தியன் வாசலில் சூரிய ஒளி வந்து விழுமாமே?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ரோம் சுமார் 41.9 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 21 அன்று உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். உள்விட்டமும் உச்சி உயரமும் இரண்டும் 43.3 மீட்டர். கண்ணின் நடுவிலிருந்து வடக்குச் சுவர் 21.65 மீட்டர் தூரம். 60 பாகைச் சரிவில் அந்தத் தூரம் போவதற்குள் ஒளி 37.5 மீட்டர் இறங்கிவிடும். 43.3-லிருந்து 37.5 போனால் மிச்சம் 5.8. அதாவது ஒளிவட்டத்தின் மையம் தரையிலிருந்து 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், வடக்கே இருக்கும் வாசலில் வந்து நிற்கிறது. கண்ணின் அகலத்தையும் சேர்த்தால் வாசல் முழுவதும் ஒளியில் மூழ்கும்.

ஏப்ரல் 21 மரபுப்படி ரோம் நகரம் பிறந்த நாள். வேண்டுமென்றே அமைத்ததா, தற்செயலா என்ற வாதம் ஓயவில்லை. வடிவக் கணக்கு மட்டும் தெளிவு. சம இரவு நாளில் சூரியன் 48 பாகையில்தான் இருக்கும். ஒளி மாடம் தொடங்கும் விளிம்புக்கு இரண்டரை மீட்டர் கீழேதான் நிற்கும். குளிர்கால உச்சத்தில் 25 பாகை கூட வராது. அப்போது ஒளி மாடத்தின் உட்புறத்திலேயே சுற்றிவிட்டுப் போகும், தரையை எட்டிப் பார்க்காது.

கேள்வி: அதே அளவுள்ள ஜன்னலைச் சுவரில் வைத்தால் மாடக்கண் தரும் வெளிச்சம் கிடைக்காதது ஏன்?

மேகமூட்டமான வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசம். மாடக்கண் அந்த உச்சியைப் பார்க்கிறது. சுவர் ஜன்னல் அடிவானத்தையும் எதிர்க்கட்டடத்தையும் பார்க்கிறது.

கேள்வி: செங்கல் சுவரில் 90 செ.மீ. விட்டத்தில் வட்ட ஜன்னல் விட வேண்டும். சுற்றிலும் ஒரு செங்கல் ஆழத்துக்கு வளையம். எத்தனை செங்கல், எந்த வரிசையில் வேலை?

முதலில் கணக்கு. 215 × 102.5 × 65 மி.மீ. செங்கல் என்று எடுத்துக்கொள்வோம்; உங்கள் கல்லின் அளவு வேறு என்றால் அதே முறையில் மாற்றிப் போடுங்கள். உள்வட்டச் சுற்றளவு 2827 மி.மீ. வளையத்தின் ஆழம் 215 என்றால் வெளிவட்ட விட்டம் 1330, சுற்றளவு 4178.

செங்கல்லை வெட்டாமல் அப்படியே வைத்தால் உள்ளே 40 கல் பிடிக்கும், உள்விளிம்பில் சந்து 5.7 மி.மீ. ஆனால் வெளிவிளிம்பில் அதே சந்து 39 மி.மீ. ஆகிவிடும். கலவைக்கு நடுவே கல் மிதப்பது போலிருக்கும், சுருங்கும்போது வெடிக்கும். இதைச் செய்யாதீர்கள். ஒன்று, அரைச்செங்கல் ஆழத்தில் இரண்டு தனி வளையங்கள் கட்டலாம். உள்வளையத்தில் 40 கல். சந்து வெளிப்பக்கம் 22 மி.மீ. வரை போகும். சுமார்தான், ஆனால் மேலே பூச்சு வருமென்றால் போதும். இல்லையென்றால் கல்லைக் குறுக்கிச் செதுக்க வேண்டும். வெளியே தெரியும் வேலைக்கு இதுதான் முறை: 60 கல், வெளித்தலை 65, உள்தலை 42.5 மி.மீ., சந்து எல்லா இடத்திலும் சுமார் 4.6. ஏன் 60? நான்கால் வகுபட வேண்டும். அப்போதுதான் உச்சி, அடி, இடம், வலம் நான்கிலும் ஒரு கல்லின் நடு வந்து நிற்கும். அவற்றுக்கு இடையே தலா 14 கல்.

இனி வேலை. சுவர் வளையத்தின் அடிமட்டத்துக்கு வந்ததும், திறப்பின் குறுக்கே ஒரு கட்டையை அசையாமல் நிறுத்தி, வட்டத்தின் மையத்தில் ஆணி அடியுங்கள். ஆணியில் சுழலும் ஒரு குச்சி, நீளம் 450 மி.மீ. கீழ்ப்பாதிக்கு அச்சு எதுவும் தேவையில்லை. சுவர்க் கற்களை வளைவுக்கு ஏற்பப் படிப்படியாக வெட்டி வைத்து, கலவை விரித்து, அடிக்கல்லை முதலில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறி வாருங்கள். ஒவ்வொரு கல்லையும் குச்சியைச் சுழற்றிச் சரிபாருங்கள். குச்சியின் முனை கல்லைத் தொட வேண்டும், கல்லின் நடுக்கோடு ஆணியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது சரிபார்ப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கல் வட்டத்தில்தான் இருக்கும், ஆனால் சாய்ந்து நிற்கும்; நான்கு கல் தாண்டியதும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

மையக்கோட்டு மட்டம் வந்ததும் கட்டையை எடுத்துவிட்டு மேல்பாதியைத் தற்காலிகமாகத் தாங்கும் அச்சான அரைவட்டச் சென்ட்ரிங் வையுங்கள். 18 மி.மீ. ப்ளைவுட்டில் இரண்டு அரைவட்டம், நடுவே ரீப்பர், அடியில் எதிரெதிர் ஆப்புகள். கல் வைக்கும் முன்பே சென்ட்ரிங் விளிம்பில் மேல்பாதியின் 30 கல்லுக்கும் பென்சிலால் இடம் குறித்துவிடுங்கள். குறிக்காமல் போனால் என்ன ஆகும்? சந்துக்கு ஒரு மி.மீ. கூடினால்கூட, மேல்பாதியில் 30 மி.மீ. கூடிவிடும். 42 மி.மீ. தலையுள்ள சாவிக்கல்லுக்கு 12 மி.மீ. இடம்தான் மிச்சம் இருக்கும். பிறகு கல்லைச் சீவித் திணிப்பார்கள், அது சாவிக்கல் அல்ல, சில்லு.

சிமெண்ட் கலவை என்றால் ஒரு வாரம் கழித்து ஆப்பை அரை விரல் தளர்த்துங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு முழுவதும் எடுங்கள். சுண்ணாம்புக் கலவைக்கு அந்த ஒரு வாரம் போதாது, பல வாரம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: வட்ட ஜன்னலுக்கு மூலை இல்லை, அதனால் விரிசலே விடாது என்று பொறியாளர் ஒருவர் சொன்னார். எங்கள் சுவரில் வட்டத்தின் உச்சிக்கு மேலே நேராக ஒரு கீறல் வந்திருக்கிறது. ஏன்?

மூலை இல்லாததால் நன்மை உண்டு என்பது சரி. விரிசலே விடாது என்பது தவறு. சுவரின் எடை மேலிருந்து கீழே வரும்போது வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இடது, வலது விளிம்புகளில் அழுத்தம் சுவரின் சாதாரண அழுத்தத்தைப்போல மூன்று மடங்காகிறது; உச்சியிலும் அடியிலும் அழுத்தமே இல்லாமல், அந்தச் சாதாரண அழுத்தத்தின் அளவுக்கே இழுப்பு வருகிறது. 1898-ல் கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டியது இது. மும்மடங்கு அழுத்தத்தைச் செங்கல் பெரும்பாலும் தாங்கிவிடும். இழுப்பைத்தான் தாங்காது. உங்கள் கீறல் வந்திருப்பது சரியாக இழுப்பு வரும் இடத்தில்.

நல்ல வளையம் இருந்தால் அந்த இழுப்பு எழாது. எடை வளையத்துக்குள் இறங்கி அழுத்தமாகவே சுற்றிப் போய்விடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பூச்சுக்கு அடியில் உண்மையான வளையம் இருக்கிறதா என்பது. சதுரத் திறப்பு விட்டு, மேலே லிண்டல் போட்டு, மூலைகளைச் செங்கல் துண்டும் கலவையும் வைத்து அடைத்து வட்டமாக்கிய ஜன்னல்கள் நிறைய. அங்கே கீறல் பூச்சில் மட்டும் இருக்கலாம். லிண்டல் நன்றாக இருந்தால் ஆபத்து இல்லை. வளையமும் இல்லை, லிண்டலும் இல்லை என்றால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே தொட வேண்டும். கீறலின் இரு கரைகளிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி மூன்று மாதம் பாருங்கள். வளர்கிற கீறலுக்கும் நின்றுபோன கீறலுக்கும் மருந்து வேறு.

அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் அதே இழுப்பு உண்டு. கீழ்ப்பாதியில் வளையம் எதற்கு, அது எதையும் தாங்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். பக்கங்களில் இறங்கும் எடையைத் திரும்பச் சுவர் முழுவதும் பரப்புவது அந்தத் தலைகீழ் வளைவுதான்.

இரண்டு வட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்றால், விளிம்பிலிருந்து ஓர் ஆரம் தள்ளினால் மூன்று மடங்கு அழுத்தம் 1.22 மடங்காக இறங்கிவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்ட அளவு சுவர் விடுங்கள்.

கேள்வி: வட்ட ஜன்னலின் அடியில் உள்சுவர் எப்போதும் ஈரம். இரண்டு முறை சிலிக்கான் அடைத்தும் நிற்கவில்லை.

இரண்டாவது முறை அடைத்தது நிலைமையை மோசமாக்கியிருக்கும். சதுர ஜன்னலில் நீர் ஓர் அகலமான அடிப்பலகையில் விழுந்து வெளியே போகிறது. வட்டத்தில் அடிப்பலகையே இல்லை. கண்ணாடியில் விழுந்தது, வளையத்தில் வழிந்தது எல்லாம் ஒரே புள்ளிக்கு, ஆறு மணி முள் நிற்கும் இடத்துக்கு வருகிறது. அந்தப் புள்ளியில் நீருக்கு வழிவிட வேண்டும், அடைக்கக் கூடாது. சட்டத்தின் காடிக்குள் (கண்ணாடி உட்காரும் பள்ளம்) புகுந்த நீர் வெளியேற அடியில் 6 முதல் 8 மி.மீ. துளை ஒன்று இருந்திருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். சிலிக்கான் அதையும் சேர்த்து மூடிவிட்டது. நீர் இப்போது உள்ளே வரத்தான் செய்யும்.

அடைத்ததை முழுவதும் சுரண்டி எடுங்கள். வளையத்தின் அடியில் நடுவே சந்து வந்திருக்கிறதா, கல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்து என்றால் எல்லா நீரும் கலவைக் கோட்டின் மேல் நிற்கிறது. முன் பதிலில் 60 கல் கணக்கில் அடியிலும் கல் நடு வர வேண்டும் என்றது இதற்காகவும்தான். அடுத்து, வளையத்தின் கீழ்ப்பாதி முகம் வெளியே சரிந்திருக்க வேண்டும், 10 செ.மீ.க்கு 1 செ.மீ. போதும். ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். மட்டமாக இருந்தால், அல்லது உள்நோக்கிச் சரிந்திருந்தால், ஈயத்தகட்டைக் கிண்ணம் போல வளைத்து, உள்விளிம்பு மேலே திரும்பியிருக்க, வெளிவிளிம்பு சுவரைத் தாண்டி நீட்டியிருக்கப் பதிப்பதே நிரந்தரத் தீர்வு. வளையத்தின் மேல்பாதியில், முன்விளிம்பின் அடியில், நீர்ச்சொட்டுக் காடி ஒன்று வெட்டினால் பாதி நீர் கண்ணாடிக்கு வராமலே விழுந்துவிடும்.

கண்ணாடியையும் கவனியுங்கள். வட்டக் கண்ணாடியைச் சும்மா காடியில் இறக்கினால் அடிப்புள்ளி ஒன்றிலேயே முழு எடையும் நிற்கும். ஒரு நாள் அங்கிருந்தே கீறும். ஐந்து மணி, ஏழு மணி இடங்களில் இரண்டு ரப்பர் கட்டைகள் வைத்து அவற்றின் மேல் உட்கார வைத்து, சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: மரச்சட்டம் எத்தனை துண்டில் செய்வது நல்லது? திறந்து மூட முடியுமா?

90 செ.மீ. வெளிவிட்டம், சட்டத்தின் முகம் 70 மி.மீ. என்று கொள்வோம். நான்கு துண்டில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 181 மி.மீ. அகலப் பலகை வேண்டும். அதைவிடப் பெரிய குறை, துண்டின் முனைகளில் மரத்தின் நார் வளைவை 45 பாகையில் வெட்டிக்கொண்டு ஓடும். அந்த முனைதான் பிளக்கும். எட்டுத் துண்டில் செய்தால் 99 மி.மீ. பலகை போதும், நார் முனையில் 22.5 பாகைதான் விலகும். இணைப்பு இரட்டிப்பாகிறது என்பது உண்மை. அதற்கு வழி, சட்டத்தை இரண்டு அடுக்காகச் செய்து, ஓர் அடுக்கின் இணைப்பு மறு அடுக்குத் துண்டின் நடுவில் வருமாறு அரைத்துண்டு தள்ளி ஒட்டுவது. எங்கள் தேர்வு எட்டுத் துண்டு, இரண்டு அடுக்கு.

திறப்பதற்குப் பக்கவாட்டில் கீல் அடிக்க முடியாது. இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கதவு திரும்பும். வட்டத்தின் ஓரத்தில் நேர்கோடே இல்லை. ஆகவே நடுவில் படுக்கையாக அச்சு வைத்துச் சுழலவிடுவார்கள். மேல்பாதி உள்ளே வர, கீழ்ப்பாதி வெளியே போக வேண்டும். மாற்றி வைத்தால் திறந்த கதவே மழையை உள்ளே வார்க்கும். அச்சை வட்ட மையத்துக்கு 25 மி.மீ. மேலே வையுங்கள். கீழ்ப்பாதி சற்றுக் கனமாக இருப்பதால் கயிற்றை விட்டதும் தானே மூடிக்கொள்ளும். ஒழுகும் இடம் அச்சின் பக்கங்கள்தான். மேல்பாதியில் தடுப்புப் பட்டி வெளிப்பக்கம், கீழ்ப்பாதியில் உட்பக்கம். இரண்டும் பக்கம் மாறும் அந்த விரல் அகலத்தில் பட்டி இல்லாமல் போகிறது. அங்கே பித்தளைத் தகடு ஒன்றை மேலிருந்து கீழாகக் கவிந்திருக்குமாறு பதியுங்கள்.

கேள்வி: முகப்பில் வட்டத்தை எவ்வளவு பெரிதாக, எங்கே வைப்பது?

விளிம்புப் பட்டிக்கு, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ சொன்ன வாசல், ஜன்னல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: திறப்பின் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல். 90 செ.மீ. வட்டத்துக்கு 15 முதல் 18 செ.மீ.

இடம் பற்றிப் பேசும்போது தாளில் வரைந்த முகப்பை நம்பாதீர்கள். கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டரில் உள்ள வட்டத்தை 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அதன் உயரம் 0.7 மடங்காகத்தான் தெரியும். அதைவிட முக்கியம், வட்டத்துக்குக் கீழே கார்னிஸ் (சுவரிலிருந்து வெளியே நீளும் படுக்கைப் பட்டி) 40 செ.மீ. நீண்டிருந்தால் அந்த இடத்திலிருந்து அதற்கு மேலுள்ள 40 செ.மீ. சுவர் மறைந்துவிடும். கார்னிஸை ஒட்டி வைத்த வட்டம் தரையிலிருந்து பார்த்தால் அரைவட்டம். கார்னிஸ் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவாவது வட்டத்தின் அடிவிளிம்பை ஏற்றுங்கள்.

எப்படி வைக்கலாம் என்பதற்குப் பல்லாடியோவின் கட்டடங்களையே பாருங்கள். வில்லா பொயானாவின் முகப்பில் வாசல் வளைவைச் சுற்றி ஐந்து வட்டங்கள், ஒரு பட்டி வேலைப்பாடும் இல்லாமல். விச்சென்சா நகரத்துப் பசிலிக்காவில் வளைவுகளின் தோள்களில் வட்டங்கள். சுவரின் கனத்தைக் கண்ணுக்கும் குறைக்கின்றன, எடையையும் குறைக்கின்றன. மாடத்துக்கு வேண்டுமென்றால் ஃப்ளோரன்ஸ் சான் லொரென்சோ தேவாலயத்தின் பழைய சாக்ரிஸ்டி (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை): பன்னிரண்டு விலாக்கள், விலாவுக்கு நடுவே அடியில் ஒவ்வொரு வட்டம். மாடம் மிதப்பது போலிருக்கும்.

கேள்வி: நீள்வட்ட ஜன்னலுக்கு நூல் கட்டி வரைந்தேன். கல்தச்சர் அதை ஏற்கவில்லை. ஏன்?

அவர் சொல்வது சரி. நூலால் வரைந்த நீள்வட்டத்தில் வளைவு ஒவ்வொரு இடத்திலும் மாறிக்கொண்டே போகும். கால்வட்டத்தில் உள்ள எந்த இரண்டு கல்லும் ஒரே வடிவமாக இருக்காது. அவருக்கு வேண்டியது நான்கு மையங்களிலிருந்து வரைந்த முட்டை வடிவம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ 1545-ல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு முறைகள் காட்டினார். எளியது இது.

30 செ.மீ. ஆரத்தில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள், ஒன்றின் மையம் மற்றதன் விளிம்பில் இருக்கட்டும். இரண்டும் மேலே ஒரு புள்ளியிலும் கீழே ஒரு புள்ளியிலும் வெட்டும். கீழ்ப்புள்ளியிலிருந்து இரு மையங்கள் வழியாகவும் கோடு இழுத்து வட்டம் வரை நீட்டுங்கள். அதே புள்ளியில் காம்பஸ் ஊன்றி 60 செ.மீ. ஆரத்தில் அந்த இரு முனைகளையும் மேலே இணையுங்கள். மேல்புள்ளியிலிருந்து அதையே கீழே செய்யுங்கள். நீளம் 90, அகலம் 68 செ.மீ., சுற்றளவு 251 செ.மீ. இதில் சிறிய வளைவு 120 பாகை, பெரிய வளைவு 60 பாகை. கல்தச்சருக்கு இரண்டே அட்டை வெட்டிக் கொடுத்தால் போதும். வளைவு மாறும் நான்கு புள்ளிகளிலும் சந்து வராமல் கல்லின் நடு வருமாறு பிரிக்கச் சொல்லுங்கள். சந்து வந்தால் அங்கே ஒடிந்தது போல் தெரியும்.

கேள்வி: வட்டத்துக்குள் மையத்திலிருந்து எட்டு மரக்கம்பிகள் விரியுமாறு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எட்டையும் மையப் புள்ளியில் சேர்க்காதீர்கள். 20 மி.மீ. அகலக் கம்பி எட்டு ஒன்றாகச் சேரும் இடத்தில் 5 செ.மீ. அகலத்துக்கு மரக்கட்டி உருவாகும். ஒவ்வொரு முனையும் ஆப்பு போலக் கூராகி நிற்கும், முதல் கோடையிலேயே சுருங்கி இடைவெளி விடும். நடுவில் 20 செ.மீ. விட்டத்தில் சிறு வளையம் ஒன்று வைத்து, கம்பிகள் அதன் வெளிவிளிம்பில் வந்து செருகட்டும்.